சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ்: எந்த கேம்ல ஆரம்பிக்கலாம், பழைய ஒரிஜினல தனியா ஆடணுமா?

கட்டைவிரல்

வணக்கம் மக்களே. நிண்டெண்டோ ஸ்விட்ச்ல ஆன்லைன் மெம்பர்ஷிப் போட்டதுக்கு அப்புறம் சூப்பர் நிண்டெண்டோ லிஸ்ட்ட நோண்டிட்டு இருந்தப்ப சூப்பர் மாரியோ ஆல்-ஸ்டார்ஸ் கண்ணுல பட்டுச்சு, உள்ள போனா நாலு பழைய மாரியோ கேம் வரிசையா நிக்குது. எனக்கு மாரியோவே ஒடிஸிங்கற 3டி மாரியோ மூலமாத்தான் பழக்கம், இந்தப் பக்கவாட்டுல ஓடுற பழைய மாரியோவ ஒழுங்கா உக்காந்து முடிச்சதே இல்ல. அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கான், அவனும் நானும் மாத்தி மாத்தி ஆடிட்டு இருக்கோம், ரெண்டு பேருக்குமே செமயா பிடிச்சிருக்கு.

ஆனா சில விஷயம் புரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

முதல்ல எந்த வரிசைல ஆடறது? மெனுல முதல் கேமுக்கு அடுத்து த லாஸ்ட் லெவல்ஸ்னு ஒண்ணு இருக்கு, சரி அடுத்தது இதுதான் போலன்னு உள்ள போனா முதல் ஸ்டேஜ்லயே காளான் தின்னு சாகுறோம், ஏன் இவ்ளோ கொடூரமா இருக்கு? அதுக்கு அடுத்து இருக்குற 2 சம்பந்தமே இல்லாத வேற உலகமா இருக்கு, செடியப் பிடுங்கி எறியச் சொல்றான், எதிரி தலை மேல குதிச்சா அவன் சாகாம நம்மளத் தூக்கிட்டு நடக்குறான். இன்னொண்ணு, அதே மெம்பர்ஷிப்ல என்இஎஸ் (சூப்பர் நிண்டெண்டோவுக்கு முந்தின மெஷின்) லிஸ்ட்லயும் இந்த கேம்ஸ் எல்லாம் ஒரிஜினலா தனித்தனியா இருக்கு, முதல் கேம ரெண்டுலயும் ஆடிப் பாத்தேன், ஏதோ ஒண்ணு வித்தியாசமா படுது, செங்கல்ல முட்டுறப்ப குறிப்பா, ஆனா என்னன்னு பிடிபடல. எது உண்மையான அனுபவம், எத ஆடட்டும்?

எட்டுபிட்ராசா

நல்ல எடத்துலதான் வந்து நிக்கிறீங்க ப்ரோ. மெனு வரிசைய மட்டும் தயவுசெஞ்சு நம்பாதீங்க. அது கேம் வெளிவந்த கால வரிசை, ஆடவேண்டிய வரிசை இல்ல. என்னக் கேட்டா முதல்ல 1, அப்புறம் நேரா 3, அப்புறம் 2, கடைசியா லாஸ்ட் லெவல்ஸ். காரணம் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல் சூப்பர் மாரியோ ப்ரதர்ஸ் 1985ல ஃபாமிகாம்ல (என்இஎஸோட ஜப்பான் பேரு) வந்தது, மொத்த கேமும் 40 கிலோபைட் தான், அதுக்குள்ள 8 உலகம், ஒவ்வொண்ணுக்கும் 4 ஸ்டேஜ், ஆக 32. அதுல மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தத்தான் நிறம் மட்டும் மாத்திப் போட்டிருக்காங்க, அவ்ளோ சிக்கனம். அந்த கேம கரச்சுக் குடிச்சவங்களுக்காகவே அடுத்த வருஷம் 1986ல ஜப்பான்ல, ஃபாமிகாம்ல மாட்டுற டிஸ்க் சிஸ்டத்துல சூப்பர் மாரியோ ப்ரதர்ஸ் 2ன்னு ஒண்ணு விட்டாங்க, அதுதான் நீங்க பாத்த லாஸ்ட் லெவல்ஸ். அது புது ஆளுக்கு பண்ண கேமே இல்ல. ஒண்ண முழுசா முடிச்சு, கேள்விக்குறி பெட்டியப் பாத்தா கை தானா போயி முட்டும் பாருங்க, அந்தப் பழக்கத்தையே பிடிச்சு ஆப்பு வைக்கிறதுக்காக கட்டினது. விஷக்காளான் அதுக்குத்தான் முதல் ஸ்டேஜ்லயே வருது. அப்புறம் பாதித் தாவல்ல காத்தடிச்சுத் தள்ளும், வேற உலகத்துக்கு நேரா கொண்டுபோற வார்ப் பைப்ப கண்டுபிடிச்சு சந்தோஷமா உள்ள போனா மூணாவது உலகத்துல இருந்து முதல் உலகத்துக்கே திருப்பி அனுப்பும். முதல் கேம் விரல்ல ஊறாம இத ஆடினா எரிச்சல் மட்டும்தான் மிஞ்சும், ஊறின பிறகு ஆடினா ஒவ்வொரு எடத்துலயும் இவன் நம்மள எப்படி யோசிச்சு வச்சிருக்கான்னு சிரிப்பு வரும்.

இது ரொம்பக் கஷ்டம், முதல் கேம் மாதிரியே வேற இருக்குன்னு அமெரிக்காவுக்கு அப்ப அனுப்பல. அதுக்குப் பதிலா 1987ல ஜப்பான்ல வந்த டோக்கி டோக்கி பானிக்னு வேற ஒரு கேம எடுத்து, அது ஃபூஜி டிவி நடத்தின ஒரு விழாவோட சின்னங்கள வச்சு பண்ண கேம், அதுல இருந்த நாலு பாத்திரங்களையும் தூக்கிட்டு மாரியோ, லூயிஜி, டோட், இளவரசி நாலு பேரையும் வச்சு, பட்டன அமுக்கி வேகமா ஓடுறதையும் சேத்து, 1988ல சூப்பர் மாரியோ ப்ரதர்ஸ் 2ன்னு குடுத்தாங்க. உங்களுக்கு சம்பந்தமே இல்லாத உலகமா தெரிஞ்சதுக்கு காரணம் இதுதான். அதுக்காக அத ஒதுக்கிறாதீங்க. ஷை கை, பாப்-ஆம், பேர்டோங்கற எதிரிங்க எல்லாம் அங்க இருந்துதான் மாரியோ உலகத்துக்குள்ள வந்தாங்க, இளவரசி பாவாடைய விரிச்சு மெதக்குறது, லூயிஜி கால உதறிக்கிட்டே ரொம்ப ஒசரம் தாவுறது, டோட் எதையும் சட்டுனு தூக்குறது, நாலு பேரோட குணமும் தனித்தனியா கையில தெரியுற முதல் மாரியோ அது.

3 தான் உச்சம். அதப் பத்தி நான் சொல்லப்போறதில்ல, நீங்களே போயி பாருங்க. ஒரே ஒரு விஷயம், அதுல விசில் கிடைச்சா உடனே ஊதி எட்டாவது உலகத்துக்கு ஓடிறாதீங்க, நாலாவது உலகத்துல எதிரி, செங்கல், பைப் எல்லாம் பூதாகாரமா நிக்கும், அத ஒரு பையனோட சேந்து முதல் தடவ பாக்குற வாய்ப்ப விட்றாதீங்க.

சதுரமேகம்

எட்டுபிட்ராசா வரிசை பத்தி சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல, அதனால அந்த செங்கல் கேள்விக்கு மட்டும் வர்றேன், ஏன்னா இத நீங்களா கவனிச்சது எனக்கு ரொம்ப சந்தோஷம், நெறய பேர் வருஷக்கணக்கா ஆடியும் கவனிக்காத விஷயம்.

என்இஎஸ் ஒரிஜினல்ல காளான் தின்னு பெரிய மாரியோவா இருக்கும்போது கீழ இருந்து செங்கல்ல முட்டி ஒடச்சா அந்த நொடியே மாரியோ கீழ திரும்பிடுவான், தலை எதுலயோ இடிச்சா உடம்பு எப்படி கீழ வருமோ அப்படி. ஆல்-ஸ்டார்ஸ்ல ஒடச்ச பிறகும் மேல் நோக்கிப் போற வேகம் அப்படியே இருக்கும், செங்கல் இருந்த ஓட்டைக்குள்ளயே கொஞ்சம் மேல ஏறிட்டுத்தான் எறங்குவான். அவ்ளோதான் வித்தியாசம், சொல்லப்போனா ஒரு சின்ன கணக்கு. ஆனா கைக்கு அது பெருசு. ஒரிஜினல்ல வரிசையா இருக்குற செங்கல்ல டக் டக்னு ஒடச்சிட்டே ஓடலாம், முட்டினதும் தரைக்கு வந்துருவோம், அடுத்த தாவலுக்கு ரெடி. ஆல்-ஸ்டார்ஸ்ல அந்தத் தாளம் இழுபடும், காத்துல கூடுதல் நேரம் இருப்போம், பக்கத்துல எதிரி வந்தா கீழ வர நேரமாகும். சின்ன மாரியோவுக்கு இந்தப் பிரச்சினை இல்ல, அவனாலதான் செங்கல ஒடைக்க முடியாதே.

நான் இத ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றேன்னா, ப்ளாட்ஃபார்ம் கேம்னாலே அந்தத் தாவல் தான் கேம், மத்ததெல்லாம் அதச் சுத்தி கட்டினது. முதல் மாரியோவ எடுத்துக்கோங்க, பட்டன எவ்ளோ நேரம் அமுக்குறோம்ங்கறதப் பொறுத்து ஒசரம் மாறும், ஓடிட்டு இருக்கும்போது தாவினா நின்ன எடத்துல தாவுறத விட ஒசரம் கூடும், காத்துல போனதுக்கு அப்புறம் ஓரளவுதான் திருப்ப முடியும், முழு வேகத்துல ஓடினா ஒரு செங்கல் அகலமுள்ள பள்ளத்த தாவாமலே கடந்துடலாம். இந்த அளவ எல்லாம் முதல்ல முடிவு பண்ணிட்டு, ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு பைப்பும் அதுக்கேத்த மாதிரி வச்சிருக்காங்க. 1-1 (முதல் உலகத்தோட முதல் ஸ்டேஜ்) முடியப்போற எடத்துல கொடிக்கம்பத்துக்கு முன்னாடி இருக்குற படிக்கட்ட ஒரே ஓட்டத்துல ஏறி உச்சில இருந்து தாவி கம்பத்தோட நுனியப் பிடிச்சுப் பாருங்க, யாரும் சொல்லித் தராமயே ஸ்டேஜ் நமக்கு எப்படி ஓடணும்னு கத்துக் குடுத்திருக்கும். அதனால ஒரு தொகுப்பு நல்லா இருக்கா இல்லையான்னு பாக்க நான் படத்தப் பாக்க மாட்டேன், தாவிப் பாப்பேன்.

படம்னு பாத்தா ஆல்-ஸ்டார்ஸ் 1993ல ஒரு பெரிய வேலை, அதுல சந்தேகமே இல்ல. ஒரிஜினல்ல வானம்னா வெறும் நீலம், பாதாளம்னா வெறும் கறுப்பு. இதுல பின்னாடி மலை, அதுக்குப் பின்னாடி இன்னொரு மலை, நாம ஓடும்போது ரெண்டும் வேற வேற வேகத்துல நகரும். சூப்பர் நிண்டெண்டோ 32,768 நிறத்துல இருந்து ஒரே நேரத்துல 256 வரைக்கும் காட்டும்னால கோட்டைக்குள்ள சுவர்லாம் சுவர் மாதிரியே இருக்கு. என்இஎஸ்ல 3 ஆடினா திரையோட ஓரத்துல நிறம் சிதறுறத கவனிச்சிருப்பீங்க, இதுல அது சுத்தமா இல்ல. கோஜி கோண்டோ போட்ட அதே மெட்டுதான், ஆனா என்இஎஸ்ல 5 சேனல்ல பீப் பீப்னு வந்தது இங்க 8 சேனல்ல வாத்தியமா கேக்குது, பாதாளத்துல எதிரொலி கூட சேத்திருக்காங்க. எனக்கு 2ம் 3ம் ஆல்-ஸ்டார்ஸ்லதான் ரொம்பப் பிடிக்கும், 1 மட்டும் என்இஎஸ்ல. அந்த செங்கல் ஒண்ணுக்காகத்தான்.

எது உண்மையான அனுபவம்னு கேட்டீங்க. ரெண்டும் அதே கம்பெனி பண்ணதுதான், ரெண்டும் உங்க மெம்பர்ஷிப்லயே இருக்கு. முதல் கேமோட முதல் உலகத்த மட்டும் ரெண்டுலயும் ஒரு தடவ முழுசா ஆடுங்க, கை எதக் கேக்குதோ அதத் தொடருங்க.

பாஸ்பட்டன்

ரெண்டு பேரும் நல்லா சொல்லிட்டாங்க. நான் சின்னதா ரெண்டு விஷயம். டிவில ஆடுறீங்கன்னா முதல்ல கேம் மோட் ஆன் பண்ணுங்க. இந்த கேம்லாம் வினாடிக்கு 60 படம்னு ஓடுது, ஒரு படத்துக்கு சுமார் 17 மில்லிசெகண்ட் தான், பழைய ட்யூப் டிவில பட்டன் அமுக்கினா உடனே திரைல தெரிஞ்சிரும், இப்ப இருக்குற டிவி படத்த மெருகேத்துறேன்னு நாலஞ்சு படம் லேட்டா காட்டிச்சுன்னா விளிம்புல தாவினோம்னு நீங்க நினைப்பீங்க ஆனா மாரியோ குழிக்குள்ள இருப்பான். ஆட்டத்த குறை சொல்றதுக்கு முன்னாடி இத பாத்துருங்க.

ரெண்டாவது, செட்டிங்ஸ்ல படத்தோட அளவ மாத்தலாம், பழைய டிவி மாதிரி கோடு விழற ஃபில்டரும் இருக்கு, அத ஒரு தடவ போட்டுப் பாருங்க. அப்புறம் கண்ட்ரோலர்ல இருக்குற இசட்எல், இசட்ஆர் பட்டன் ரெண்டையும் சேத்து அமுக்கினா கேம பின்னாடி ஓட்டலாம், சின்னப் பையன் கூட ஆடும்போது ரொம்ப உதவும்.

மழைநாள்_ப்ளேயர்

பாஸ்பட்டன் சொன்ன முதல் பாயிண்ட் நூத்துக்கு நூறு. ஆனா அந்த ரிவைண்ட் மேட்டர்ல எனக்கு உடன்பாடு இல்ல, குறிப்பா லாஸ்ட் லெவல்ஸ்ல. தப்பா எடுத்துக்காதீங்க, பையன் அழுதான்னா ரிவைண்ட் பண்ணுங்க, அது வேற. ஆனா பெரியவங்க ஆடும்போது ஒவ்வொரு தடவ விழும்போதும் ரெண்டு செகண்ட் பின்னாடி போனா அந்த ஸ்டேஜ் கை வழியா உள்ள எறங்கவே எறங்காது, முடிச்சிருப்போம், ஆனா மறுபடி ஆடச் சொன்னா ஆட வராது.

ஆல்-ஸ்டார்ஸ் பண்ணவங்க இந்த விஷயத்த ரொம்ப யோசிச்சு செஞ்சிருக்காங்கன்னு எனக்குத் தோணும். 1985 ஒரிஜினல்ல சேவ் கிடையாது, கேம் ஓவர் ஆச்சுன்னா டைட்டில்ல ஏ பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஸ்டார்ட் அடிச்சா அந்த உலகத்தோட முதல் ஸ்டேஜ்ல இருந்து தொடரலாம், அதுவே அப்ப வாய்வழியா பரவின ரகசியம். மெஷின அணைச்சா எல்லாம் போச்சு. ஆல்-ஸ்டார்ஸ்ல பேட்டரி வச்சு சேவ் குடுத்தாங்க, ஆனா எல்லா கேமுக்கும் ஒரே மாதிரி இல்ல பாருங்க. முதல் கேம்ல நீங்க எந்த உலகம் வரைக்கும் வந்தீங்கன்னு சேவ் ஆகும். லாஸ்ட் லெவல்ஸ்ல எந்த ஸ்டேஜ் வரைக்கும்னு சேவ் ஆகும். அதாவது கஷ்டத்தக் குறைக்கல, பள்ளத்தச் சின்னதாக்கல, காத்த நிறுத்தல, ஆனா ஒரு ஸ்டேஜ ஜெயிச்சா அது உங்களோடது, திரும்ப ஆட வேண்டாம். ஒரிஜினல்ல விஷக்காளான் சாதா காளான் மாதிரியே இருந்து ஏமாத்தும், ஆல்-ஸ்டார்ஸ்ல ஊதா நிறத்துல மண்டையோடு போட்டு காட்டிடுவாங்க. கடைசில இருக்குற ஏ முதல் டி வரைக்கும் உள்ள உலகங்களுக்குப் போக டிஸ்க் ஒரிஜினல்ல கேம 8 தடவ முடிக்கணும், இங்க ஒரு தடவ முடிச்சா போதும். எத விட்டுக் குடுக்கணும் எத விட்டுக் குடுக்கக்கூடாதுன்னு தெரிஞ்சு பண்ண வேலை இது. அதனால லாஸ்ட் லெவல்ஸ் ஆடுறதா இருந்தா கண்டிப்பா ஆல்-ஸ்டார்ஸ்ல ஆடுங்க, ரிவைண்ட் இல்லாம ஆடுங்க. லூயிஜிய எடுங்க, அவன் மாரியோவ விட ஒசரமா தாவுவான், ஆனா நிக்கச் சொன்னா வழுக்கிட்டுப் போவான், பழகின பிறகு அந்த வழுக்கலையே பயன்படுத்த ஆரம்பிச்சிருவீங்க.

இன்னொண்ணு, எட்டுபிட்ராசா லாஸ்ட் லெவல்ஸ கடைசில வச்சதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா 1 முடிச்ச சூட்டோட சூடா ஆடினா இன்னும் நல்லா இருக்கும்ங்கறது என் எண்ணம். 3 ஆடி முடிச்சுட்டு வந்தா கைப்பழக்கம் மாறிப்போயிருக்கும்.

எட்டுபிட்ராசா

மழைநாள், அது நியாயமான வாதம்தான், நான் மறுக்கல. ஆனா கேட்டவர் ஒரு சின்னப் பையனோட ஆடுறார். 1 முடிஞ்சதும் லாஸ்ட் லெவல்ஸ்ல கொண்டுபோயி விட்டா பையன் கண்ட்ரோலர கீழ வச்சிருவான். 3ல ரெண்டு பேர் ஆடலாம், லாஸ்ட் லெவல்ஸ்லயும் 2லயும் ஒருத்தர்தான் ஆட முடியும். 3ல ஒரு ஸ்டேஜ ஜெயிச்சாலும் செத்தாலும் அடுத்தவருக்கு முறை போயிரும், மேப்ல அவங்கவங்க தனியா நடந்து வழி தேர்ந்தெடுக்கலாம். அதனாலதான் 1க்கு அடுத்து 3. தனியா ஆடுறவரா இருந்தா நீங்க சொன்ன வரிசைக்கு நானும் கை தூக்கியிருப்பேன்.

கட்டைவிரல்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா வரும்னு எதிர்பாக்கல. சதுரமேகம் சொன்ன மாதிரி முதல் உலகத்த ரெண்டுலயும் ஆடினேன், செங்கல் விஷயம் சொன்ன பிறகு பளிச்சுனு தெரியுது, 1-2ல பாதாளத்துல மேல வரிசையா செங்கல் இருக்குமே, அங்க என்இஎஸ்ல ஓடுறது அவ்ளோ சுகமா இருக்கு. ஆனா பையனுக்கு ஆல்-ஸ்டார்ஸ் தான் பிடிச்சிருக்கு, பின்னாடி மலை நகருதுன்னு அதையே பாத்துட்டு நிக்கிறான். ஒரு சிக்கல், என்இஎஸ்ல ஓடுற பட்டனும் தாவுற பட்டனும் இருக்குற எடம் வேற, சூப்பர் நிண்டெண்டோல வேற, மாத்தி மாத்தி ஆடினா விரல் குழம்புது, இதுக்கு வழி இருக்கா? அப்புறம், 3டி ஆல்-ஸ்டார்ஸ்னு ஒண்ணு வந்ததே, அதுவும் இதே மாதிரிதானா? மத்த கம்பெனிக்காரங்க தொகுப்புல எதாச்சும் இதுக்குப் பக்கத்துல நிக்குமா?

சதுரமேகம்

பட்டனுக்கு ஸ்விட்சோட சிஸ்டம் செட்டிங்ஸ்லயே கண்ட்ரோலர் பகுதில பட்டன மாத்திக்கிற வசதி இருக்கு, அத சேவ் பண்ணி வச்சுக்கலாம், என்இஎஸ் ஆடும்போது மட்டும் அதப் போட்டுக்கோங்க.

3டி ஆல்-ஸ்டார்ஸ் பேர்லதான் சொந்தம். 2020 செப்டம்பர் 18ல வந்தது, மாரியோ 64, சன்ஷைன், கேலக்ஸி மூணும் அதுல இருக்கு, 2021 மார்ச் 31ஓட கடைலயும் சரி டிஜிட்டலாவும் சரி விக்கிறத நிறுத்திட்டாங்க. 1993 ஆல்-ஸ்டார்ஸ்ல நாலு கேமையும் புதுசா வரைஞ்சாங்க, இசை மறுபடி போட்டாங்க, சேவ் சேத்தாங்க. 3டில கேம்கள பெரும்பாலும் இருந்தபடியே கூர்மையா ஓட வச்சாங்க, 64 இன்னும் பழைய 4:3 சதுரத்துலதான் ஓடுது. கேம்ஸ் மூணும் அற்புதம், அதுல மாற்றுக்கருத்து இல்ல, ஆனா கேலக்ஸி 2வ விட்டுட்டாங்க, அது கேலக்ஸியோட சேந்து ஸ்விட்சுக்கு 2025லதான் வந்தது. ஒரு தொகுப்ப குறிப்பிட்ட தேதி வரைக்கும்தான் விப்போம்னு சொல்றது எனக்கு இன்னைக்கும் மனசு ஒப்பல, பழச எல்லாருக்கும் கிடைக்க வைக்கிறதுக்குத்தானே தொகுப்பே. ஆல்-ஸ்டார்ஸ் அந்த விஷயத்துல பரவால்ல, 1993, அப்புறம் 2010ல 25வது ஆண்டுக்கு நிண்டெண்டோவோட வீ மெஷினுக்கு டிஸ்க்ல, 2020ல ஸ்விட்ச் ஆன்லைன்ல. வீல வந்தது அப்படியே அதே 1993 கேம்தான், கூட ஒரு புத்தகமும் பாட்டு சிடியும்.

குட்டித்தாவல்

மத்த கம்பெனி பத்தி கேட்டதுக்கு நான் சொல்றேன், ஏன்னா க்ராஷ் பாண்டிகூட்ங்கற கேம் வரிசை என் உயிர்.

2017ல வந்த என் சேன் ட்ரைலஜி, 1996, 97, 98ல நாட்டி டாக் பண்ண மூணு கேமையும் விகாரியஸ் விஷன்ஸ் மொத்தமா புதுசா கட்டினது. பாக்க அவ்ளோ அழகு, க்ராஷ் ஓட மூஞ்சில வர்ற பாவனைக்கே காசு குடுக்கலாம். ஆனா சதுரமேகம் சொன்ன தாவல் விஷயம் இதுல நேரடியா தெரியும். மூணு கேமுக்கும் மூணாவது கேமோட கையாளல அடிப்படையா வச்சு ஒரே மாதிரி பண்ணாங்க. முதல் கேமோட ஸ்டேஜ்லாம் வேற தாவலுக்கு அளவெடுத்துக் கட்டினது, இப்ப கீழ எறங்குற வேகமும் ஒரிஜினல விட அதிகம், அதுவும் இல்லாம காலடி மோதல் வடிவத்த உருண்டையா வச்சதுனால விளிம்புல போயி நின்னா வழுக்கி விழுந்துருவான். முதல் கேம்ல பாலத்து மேல போற ரெண்டு ஸ்டேஜ் இருக்கு, ஒரிஜினல்லயே கஷ்டம், இதுல இன்னும் கஷ்டம். அதுக்காக வேண்டாம்னு சொல்லல. 2ம் 3ம் அருமையா ஆடும், அதுல ஆரம்பிச்சு கை பழகின பிறகு 1க்கு வந்தா முழு சந்தோஷமும் கிடைக்கும். ஒரிஜினல்ல ரொம்பக் கஷ்டம்னு எடுத்துட்ட ஸ்டார்மி அசென்ட்னு ஒரு ஸ்டேஜையும் பின்னாடி சேத்தாங்க, மழைநாள் மாதிரி ஆளுங்களுக்கு அது விருந்து.

சோனிக் பக்கம் போனா 2022ல வந்த ஆரிஜின்ஸ்ல 1, 2, சிடி, 3 & நக்கிள்ஸ் எல்லாம் அகலத் திரைல ஓடும், பழைய மாதிரி 4:3ல உயிர் எண்ணிக்கையோடவும் ஆடலாம், உயிர் கணக்கே இல்லாமலும் ஆடலாம், ரெண்டையும் வச்சது நல்ல முடிவு. சோனிக்குக்கு அகலத் திரை உண்மையிலயே உதவுது, அவ்ளோ வேகத்துல போறப்ப முன்னாடி என்ன வருதுன்னு கொஞ்சம் முந்தியே தெரியும். குறைன்னா 3ல சில ஸ்டேஜோட பாட்ட மாத்திட்டாங்க, ஐஸ் கேப்ங்கற ஸ்டேஜ்ல அந்தப் பழைய இசையோட பனிச்சறுக்கு ஆரம்பிக்கிறத கேட்டு வளந்தவங்களுக்கு அது பெரிய இழப்பு. இன்னொண்ணு, அது வர்றதுக்கு முந்தின மாசமே அந்த கேம்களோட தனி டிஜிட்டல் பதிப்புகள்ல பெரும்பாலானத கடைல இருந்து எடுத்துட்டாங்க, புதுசும் இருக்கட்டும் பழசும் இருக்கட்டும்னு விட்டிருக்கலாம். உங்க மெம்பர்ஷிப்ல என்இஎஸ் பதிப்பும் ஆல்-ஸ்டார்ஸும் பக்கத்துல பக்கத்துல இருக்குறது எவ்ளோ நல்ல விஷயம்னு இதப் பாத்தா புரியும்.

கட்டைவிரல்

சூப்பர். அப்ப முடிவு இதுதான், பையனோட 3 ஆல்-ஸ்டார்ஸ்ல, நான் தனியா 1 என்இஎஸ்ல, அப்புறம் லாஸ்ட் லெவல்ஸ் ரிவைண்ட் இல்லாம. கடைசியா ஒண்ணே ஒண்ணு, 3ல முதல் உலகத்துலயே விசில் ஒளிஞ்சிருக்குன்னு பையன் எங்கயோ கேட்டுட்டு வந்து நச்சரிக்கிறான். ஊத மாட்டோம், எடுத்து மட்டும் வச்சுக்கறோம், எங்க இருக்கு?

எட்டுபிட்ராசா

ஹா ஹா, எடுத்து வச்சுக்கோங்க, தப்பே இல்ல. 1-3ல கடைசிப் பக்கமா ஒரு வெள்ளைப் பலகை மேடை வரும், அது மேல நின்னு கீழ் பட்டன சில நொடி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருங்க, மாரியோ அந்தக் காட்சிக்கே பின்னாடி போயிருவான், உடனே வலது பக்கம் விடாம ஓடுங்க, ஸ்டேஜ் முடிவுக்கும் பின்னாடி டோட் வீடு இருக்கும், பெட்டிக்குள்ள விசில். ரெண்டாவது அதே உலகத்து கோட்டைல, இலை எடுத்து வாலோட வரணும், ஓட எடம் இருக்குற பகுதில முழு வேகம் வந்ததும் பறந்து கூரைக்கு மேல ஏறி வலது பக்கமா போங்க, திரைல தெரியாது ஆனா நடந்துட்டுதான் இருப்பீங்க, சுவர்ல முட்டினதும் மேல் பட்டன அமுக்குங்க. மூணாவது ரெண்டாம் உலகத்துல இருக்கு, அதுக்கு மேப்ல ஒரு பாறைய சுத்தியலால ஒடைக்கணும், அத பையனே கண்டுபிடிக்கட்டும்.